மஞ்சள் தடவிய நாலு கார்டு

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குடையும் கைப்பையுமாக ஒரு அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கேன்சர் ஆஸ்பத்திரியில் சமூக சேவகியாக இருப்பதாகச் சொன்னார்.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரி எங்கள் காட்டுப்பாக்கம் வரைக்கும் ஆள் அனுப்பித் தேடுகிற அளவுக்கு எனக்கு என்ன வந்துவிட்டது? அதுவும் எனக்கே தெரியாமல்?

அவர் பையிலிருந்து நாலு தபால் கார்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். நாலிலும் என் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் நாலு மூலைக்கும் மஞ்சள்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா சார்?"

நான்தான் எழுதினேன். எழுதியது ஏகாம்பரத்துக்காக. ஆக, நோய் எனக்கு இல்லை. பெரிதாக மூச்சு விட்டேன். இப்படியும் ஒரு நிம்மதி வரலாமா என்று கேட்காதீர்கள். வந்தது. மறைத்தால் வாராவாரம் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியே பொய்.

ஏகாம்பரமும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே போல்ட் கம்பெனி. அவன் லேத் மெஷின், நான் ஸ்டோர்ஸ். ஒரே தெரு. இருபது வருஷமாக ஒரே புகையிலைப் பொட்டலம் — அவன் வாங்குவான், நான் பங்கு கேட்பேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் அவன் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கேன்சர் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு ட்ரையல், அதாவது மருந்துச் சோதனை, நடந்துகொண்டிருந்தது. வாய்ப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, மட்டும் வைப்பது நல்லதா, புது ஊசி போட்டுவிட்டுக் கரண்ட் வைப்பது நல்லதா என்று பார்க்கிற ட்ரையல். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஏகாம்பரம் இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டான். கவரைப் பிரித்தார்கள். அவனுக்கு ஊசி விழுந்தது.

அன்று முதல் நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலையில் டார்ச் லைட்டும் கண்ணாடியுமாக என் வாயைச் சோதித்தேன். மூன்றாம் நாளே தொண்டைக்கு மேலே சிவப்பாக ஒன்று தொங்குவதைக் கண்டுபிடித்து, மனைவியைக் கூப்பிட்டு, பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியெல்லாம் தழுதழுத்த குரலில் பேசினேன். அவள் டார்ச்சை வாங்கிப் பார்த்தாள். "அது உள்நாக்கு. எனக்கும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட தைரியசாலியிடம்தான் ஏகாம்பரம் கார்டு எழுதும் வேலையைக் கொடுத்தான்.

ட்ரையலில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வந்து காட்ட வேண்டும். வராதவர்களுக்கு ஒரு பதில் கார்டு வரும். 'தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வலி, வீக்கம், புண் ஏதேனும் உண்டா?' என்று அச்சடித்து, கீழே நாலு வரி இடம். ஏகாம்பரம் லீவு கிடைக்கவில்லை என்று போகாமல் இருந்தான். கார்டு வந்தது.

"நீதான் பேப்பர்ல எழுதறவனாச்சே. எழுது மாமே."

"என்ன எழுத?"

"தாங்கள்னு போட்டுகீறாங்க பாரு, எவ்ளோ மரியாத. நலம்னு எழுது."

"வாய் காயுதுன்னியே? சோறு எறங்கலைன்னியே?"

"அத்தப் போயி எழுதுவாங்களா? அவ்ளோ பாடுபட்டு வைத்தியம் பாத்தவங்க, மனசு கஷ்டப்படும்."

அவன் மனைவி மல்லிகா விளக்கேற்றிவிட்டு வந்தாள். "கெட்டத எழுதாதீங்கண்ணே. எழுதுனா அதுவே நெலச்சுடும்." நான் எழுதி முடித்ததும் கார்டை வாங்கி, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாள். நல்ல சேதி போகிற கார்டு அல்லவா?

நானும் மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். 'தங்கள் கருணையால் பூரண நலம். தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்.' மூன்று மாதத்துக்கு ஒன்றாக நாலு கார்டு. நாலாவதில் பட்டணத்தில் மழை எப்படி என்றுகூட விசாரித்திருந்தேன்.

ஏகாம்பரம் வீட்டில் விசாரித்துவிட்டு என்னைத் தேடி வந்த அம்மாள் சொன்னார்: "கரண்ட் வெச்ச எல்லாருக்கும் வாய் காயும் சார். ருசி போயிடும். வர்ற கார்டு பூரா குறையாத்தான் இருக்கும். ஒரு வருஷமா பூரண நலம்னு எழுதற ஆள் உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர்தான். டாக்டருக்கு அதான் பயமே."

செவ்வாய்க்கிழமை ஏகாம்பரத்தை அழைத்துக்கொண்டு போனோம், மல்லிகாவும் நானும். கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. காதுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு கார்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் ஏகாம்பரம், கட்டியைப் பத்தி எழுதலை?"

"நீங்க நல்லா இருக்கியான்னு கேட்டீங்க மேடம். கேக்கறவங்ககிட்ட போயி எப்டி..."

"நான் மரியாதைக்குக் கேக்கலை. தெரிஞ்சுக்கக் கேட்டேன். அந்த ஊசி வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீங்கள்லாம் சொல்றதை வெச்சுத்தான் தெரியணும்."

"அப்ப என் கார்டப் பாத்துட்டு, ஊசி நல்லா வேல செய்யிதுன்னு வேற ஆளுக்கும் போடுவீங்களா?"

"உங்க ஒருத்தர் கார்டை வெச்சுப் போட மாட்டோம். ஆனா உங்கள மாதிரியே பத்துப் பேர் எழுதினா..." அவர் மேஜை இழுப்பறையிலிருந்து நாலு புதுக் கார்டுகளை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒவ்வொரு தடவையும் நெஜமா எப்படி இருந்துச்சு, அதை எழுதிக் குடுங்க. கட்டி எந்த மாசம் வந்துச்சுன்னு முக்கியமா வேணும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மல்லிகா கார்டுகளைப் பார்த்தாள். "இத எழுதித்தான் ஆவணுமாண்ணே?"

"எழுதட்டும் உடு," என்றான் ஏகாம்பரம். "இல்லாங்காட்டி என்னால எவனோ ஒருத்தன் மாட்டிக்கப் போறான்."

முதல் கார்டு. "வாய் காஞ்சுகினே கீது. தண்ணி ஊத்திக்கினாத்தான் சோறு எறங்குது. வேற ஒண்ணும் இல்ல." எழுதினேன்.

இரண்டாவது. "அதேதான். வாய் தொறக்க வரல. ரெண்டு வெரல்தான் போவுது." எழுதினேன்.

மூன்றாவதுக்குத் துண்டை எடுத்து மறுபடி கழுத்தைச் சுற்றிக்கொண்டான்.

"காதுக்குக் கீழ கொட்டப்பாக்கு மாரி ஒண்ணு வந்துச்சு."

"எப்போ? மாசம் கேக்கறாங்கடா."

"மாசம் இன்னா கண்டேன்? கேன்டீன்ல நீ கேட்டியே... 'இன்னா தலைவரே, துண்டெல்லாம் போட்டுகினு, கட்சி ஆரம்பிச்சுட்டியா'ன்னு. அதுக்கு மொத நாளு."

ஞாபகம் இருந்தது. கேன்டீனே சிரித்த ஜோக் அது. ஏகாம்பரமும் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு வாரம் வரைக்கும் எல்லாரும் அவனைத் தலைவரே என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவிய வாரம். ஆகவே டாக்டருக்கு வேண்டிய மாதத்தை என்னால் சுலபமாகக் கண்டுபிடித்துப் போட முடிந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் சும்மா கேட்கவில்லை. துண்டுக்கு மேலே லேசாகப் புடைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன். சிலருக்குப் பயம் வந்தால் கை நடுங்கும். எனக்கு ஜோக் வரும். பத்து நாள் கழித்து அதே கையால் மூன்றாவது கார்டை எழுதினேன். பூரண நலம்.

"பாத்துட்டுத்தான்டா கேட்டேன்," என்றேன்.

"தெரியும் மாமே. நீ பாத்தத நானும் பாத்தேன்." கார்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். "பாத்துட்டு நீயே சிரிச்சுட்ட. சரி, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு உட்டுட்டேன்."

நாலாவது கார்டை எழுதி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. மல்லிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா நாலையும் வரிசையாகப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் புகையிலை போடுவீங்களா?" என்றார்.

"நான் நல்லா இருக்கேன் டாக்டர்," என்றேன் உடனே.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லையாம். இன்றோடு புகையிலையை விட வேண்டுமாம். விட்டுவிட்டேன். ஏகாம்பரத்துக்கு முன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

போன இரண்டு வாரமும் இந்தப் பத்தியில் கொசு, ரேஷன் கடை க்யூ என்று எழுதி ஏன் தப்பித்தேன் என்று இப்போது புரிகிறதா?

போன வியாழக்கிழமை ஆபரேஷன். நாலு மணி நேரம். கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்த பாகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றாவது கார்டு சமயத்திலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா, "இப்ப அதைப் பேச வேண்டாம்" என்றார். ஊசி அவனுக்குப் பலிக்கவில்லை என்று ட்ரையல் ஃபைலில் எழுதிவிட்டார்களாம். அதை மட்டும் ஏகாம்பரம் விசாரித்துத் தெரிந்துகொண்டான், ஆபரேஷனுக்கு முன்பே.

முந்தாநாள் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய், கழுத்து நிறையக் கட்டு. பேசக் கூடாது. மல்லிகா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் நின்று, எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டேன்.

"எப்படிடா இருக்கே?"

ஏகாம்பரம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை விரித்து, 'நல்லா இல்லை' என்று ஆட்டினான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அடுத்த கேள்வியைத் தயார் செய்துகொண்டு போயிருப்பேன்.