வெளிச்சம் ஒழுகாத டிஸ்க்

இன்னும் எதுவும் எழுதாத சி.டி. டிஸ்க் ஒன்றை விளிம்பில் மட்டும் பிடித்து, கடையின் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார் அத்திம்பேர், என் அக்காவின் கணவர். எங்கேயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் போதும், அது வேண்டாம் என்று தள்ளிவைத்துவிடுவார். கிழக்கேகோட்டை பஸ்களின் ஹாரன் காதைக் கிழிக்க, அந்தக் கம்ப்யூட்டர் கடையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். "எல்லாம் ஒண்ணுதன்னே சாரே" என்று கடைக்காரர் மலையாளத்தில் அலுத்துக்கொள்வார். அத்திம்பேர் காதில் வாங்கமாட்டார். "வெளிச்சம் ஒழுகினா பாட்டும் ஒழுகிப் போயிடும், கேட்டியோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார். கத்தரிக்காய் வாங்கக்கூட மனுஷன் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

அந்த டிஸ்க்குகளில் ஏறப்போவது அக்காவின் பாட்டு. அக்கா மேடை ஏறியவள் இல்லை. அடுக்களையிலும் கோவிலுக்குப் போகும் வழியிலும் பாடியவள். தொண்டையில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் கையை விரித்ததும், அத்திம்பேர் ஒரு மைக் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டினார். ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை வழிய வழிய அவள் பாடினாள். தெரிந்ததையெல்லாம் பாடினாள். பாதியில் இருமல் வந்தால் அவர் முகம் செத்துப்போகும்.

பிறகு அவற்றை டிஸ்க்கில் எழுதினார். வேகத்தைக் குறைத்துவைத்து, எழுதி முடிக்கும்வரை மிக்சி ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பளபளக்கும் அடிப்பக்கத்தை யாரும் தொடக்கூடாது. "பாட்டு அடியிலதான் இருக்கு. மேல்பக்கம் வெறும் மூடி" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். நாங்களும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். துலா மாதத்து இடி ஒன்றில் கம்ப்யூட்டர் கருகிப்போனபோதுகூட அவர் கலங்கவில்லை. "அதான் டிஸ்க் இருக்கே" என்றார்.

குரல் போன பிறகு அக்காவுக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்கப் பொறுக்கவில்லை. ஒருமுறை அவர் போட்டபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அதோடு சரி. அவள் மனம் நோக வேண்டாம் என்று அவர் டிஸ்க்குகளைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் அவை வெளியே வரும். புத்தகங்களோடும் தம்புராவோடும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அக்கா சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பாள். டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் விரல் படாமல், அத்தனை கவனமாக, மேல்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றி வெள்ளிப் பூச்சு தொடங்கும் இடத்தில் வைப்பாள். அத்திம்பேர் பக்கத்திலேயே நின்று திருப்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் புத்தகத்தில் நாலு வரி படிப்போம், தம்புராவை மீட்டுவோம். டிஸ்க்குகள் மட்டும் அப்படியே அலமாரிக்குத் திரும்பும்.

அக்கா போய், வருஷத் திவசமும் முடிந்த பிறகு அத்திம்பேர் என்னைக் கூப்பிட்டார். "இனி கேக்கலாம், இல்லையோ?" என்றார். இப்போதைய லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. அலைந்து திரிந்து, தனியாக மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் சலவை வேஷ்டி கட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு, கச்சேரிக்கு முதல் ஆளாக வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். டிரைவ் சுழன்றது, முனகியது, டிஸ்க்கை வெளியே தள்ளியது. அடுத்ததையும் தள்ளியது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தள்ளியது.

ஒன்றை எடுத்து, அவர் செய்வதைப் போலவே டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் வந்தது. காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால், வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்தது. எல்லா டிஸ்க்கிலும் அதே இடத்தில், அக்காவின் மோதிர விரல் அகலத்துக்கு அதே ஓட்டை. தெரிந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டு இருப்பது மேல்பக்கத்தை ஒட்டித்தான், ஈரச் சந்தனமும் குங்குமமும் வருஷா வருஷம் அதை அரித்திருக்கின்றன, டிரைவ் படிக்கத் தொடங்கும் இடமே அதுதான், அங்கே பூச்சு போனால் போனதுதான் என்றார்கள்.

அத்திம்பேருக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஓட்டை அவருக்குத் தெரியவில்லை. "நான் வாங்கினது மோசமோ? அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தேனேடா" என்று சொல்லி அழுதார். உங்கள் டிஸ்க்கில் குறையில்லை, அவள் வைத்த பொட்டுதான் காரணம் என்றா சொல்வது? செத்துப்போனவள் மேல் பழி போட நாக்கு எழவில்லை. அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதைத் தடுக்கவும் முடியவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் பாவம் என்று டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அக்கா குரல் எப்படி இருந்தது என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். அந்த இருமல்தான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் நான் போனபோது அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"கிழக்கேகோட்டைக்குப் போலாம்டா. காலி டிஸ்க் கிடைக்குமோ?"

"எதுக்கு அத்திம்பேர்?"

"இந்தத் தடவை நீயும் கூட நின்னு பாரு. நல்லதா எடுக்கலாம்."

எழுத என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடையில் இப்போது மொபைல் கவர்தான் விற்கிறார்கள். உள்ளே தேடி, தூசி படிந்த பழைய சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அத்திம்பேர் அதை விளிம்பில் மட்டும் பிடித்து, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, புரை விழுந்த கண்களில் ஒன்றை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒழுகலை" என்றார்.