எலும்பு டாக்டர்

பட்டம் கிடைச்ச அன்னிக்கு கோலாலம்பூர்லருந்து போன் போட்டு, "அம்மா, நான் டாக்டர் ஆயிட்டேன்"னு சொன்னது என் தப்புதான். "எதுக்கு டாக்டர்?"னு கேட்டாங்க. "எலும்புக்கு"ன்னேன். அதுக்கு மேல விளக்குறதுக்குள்ள மலையில மழை, போன் கட்டாயிடுச்சு.

தீபாவளிக்கு எஸ்டேட்டுக்குப் போனா, வரிசையா இருக்கிற லைன் வீடுங்கள்ல எங்க வீட்டு வாசல்ல ஏழு பேர் உட்கார்ந்திருக்காங்க. முன்னால பழைய கங்காணி, கையில எக்ஸ்ரே கவரோட. எல்லாம் தேயிலை மேட்டுல ஏறி எறங்கியே தேஞ்ச முட்டிங்க. அம்மா புதுச்சேலை கட்டிக்கிட்டு தேத்தண்ணி ஊத்திக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. அந்த முகத்துல அப்படி ஒரு பெருமை. கொழுந்து பறிச்சே என்னைப் படிக்கவச்சவங்க. நாலு பேர் முன்னாடி அவங்க மானத்தை வாங்கணுமா?

அதுக்காக முட்டிக்கு மருந்தா எழுதித் தர முடியும்! "ஐயா, நான் ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கின டாக்டர். பாக்குறது செத்தவங்க எலும்பு. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தி குகையில புதைச்சவங்களோடது"ன்னு போட்டு உடைச்சேன்.

அம்மா கையில இருந்த ஜக்கு அப்படியே நின்னுச்சு. "செத்தவங்களுக்கு எதுக்குடி டாக்டர்?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினேன். எலும்பைக் காகிதம் கணக்கா மெல்லிசாச் சீவி, மைக்ராஸ்கோப்புல வச்சு எடுத்தது. உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன வட்டம். "வயசு ஏற ஏற இந்த வட்டம் கூடும்மா. இதை எண்ணித்தான், சாகும்போது இவங்களுக்கு ஏறக்குறைய என்ன வயசுன்னு சொல்லுவோம்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு உத்துப் பாத்தாங்க. "முறுக்கு பிழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு. அப்ப என் வயசையும் சொல்லுவியா? ஐசி கார்டுல இருக்கிறது அந்தக் காலத்து எஸ்டேட் ஆபீஸ் கிராணி குத்துமதிப்பாச் சொல்லிப் பதிஞ்சதுதானே."

நான் நெளிஞ்சேன். "அதுக்கு எலும்பை நறுக்கணும்மா. நீங்க... போய்ச் சேர்ந்த பிறகுதான்."

அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க. "ஐயய்யோ, கிராணி சொன்னதே இருக்கட்டும்!" கங்காணி எக்ஸ்ரேயைக் கவர்ல போட்டுக்கிட்டு, "நான் டவுன் கிளினிக்குக்கே போறேன் லா"ன்னு எழுந்தார்.

மறுநாள் கோயில்ல, அடுத்த லைன் அக்கா ஒருத்தர் அம்மாவை மடக்கினாங்க. "உம்மக டாக்டர் இல்லையாமே?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாங்க. "யார் சொன்னா? எலும்பு டாக்டர்தான். உனக்கு இன்னும் வயசு பத்தல, அப்புறமா வா."