ஜிம்மியின் மூக்கிலிருந்து வந்த நெல்

பிரியமானவர்களே, நான் சாட்சியாக எழுதுவது எங்கள் நாயின் மூக்கைப் பற்றி. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

பண்டத்தரிப்பில் நானும் என் கணவரும் ஜிம்மி என்ற எங்கள் நாயும்தான் வீட்டில். சென்ற வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கால் இழுத்துவிட்டது. தினமும் நடந்தால்தான் கால் திரும்பும் என்றார் டாக்டர். கெஞ்சினேன், கோபித்தேன், அசையவில்லை. ஜிம்மி சங்கிலியைக் கவ்விக்கொண்டு முன்னால் வந்து நின்றால் மட்டும் எழும்புவார். இருவரும் ஒழுங்கை முனைவரை போய் வருவார்கள்.

இந்த மாசியில் ஜிம்மிக்குத் தும்மல் பிடித்தது. தொடங்கினால் தலை நிலத்தில் இடிபடும். மூக்கு ஒழுகியபடியே இருந்தது. சாப்பாட்டை மணந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு யோகம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உது வெறும் தடிமன். மல்லி அவிச்சுக் குடு பிள்ளை" என்றார். கொடுத்தேன். நொச்சி இலை போட்டு ஆவியும் பிடித்தேன். ஜிம்மி திமிறி ஓடியதில் எனக்குத்தான் நன்றாக ஆவி பிடித்தது.

ஜிம்மி படுத்தது. அவரும் படுத்துவிட்டார். "ஜிம்மி இல்லாமல் நான் ஆரோடை நடக்கிறது?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கால் மறுபடி மரக்கத் தொடங்கியது.

எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் விளைச்சலை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இம்முறை தைக் கடைசியில், ஜிம்மி இன்னும் துள்ளித் திரிந்த நாளில், பீடத்தில் வைத்த நெற்கதிரை நான் விடாப்பிடியாக நின்று எடுத்தேன். மனுசன் விடிய எழும்பும்போது கண்ணில் படட்டும் என்று கட்டிலருகே தாழ்வாக ஒரு ஆணியில் கட்டினேன். இப்போது இருவரும் படுத்துக் கிடந்த ஒரு பின்னேரம் அந்தக் கதிருக்கு முன்னால், ஜிம்மியின் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நாயைத் திருப்பித் தாரும். நாய் எழும்பினால் என் மனுசனும் எழும்புவார்" என்று அழுதேன்.

ஆமென் சொல்ல முன்னமே முகத்தில் ஒரு தும்மல். கண்ணைத் திறந்தேன். ஜிம்மிக்கு இடப்பக்க மூக்கால் மட்டும் ஒழுகியது. வலப்பக்கம் காய்ந்து கிடந்தது. மூஞ்சிக்கு நேரே கதிர், அதன் நுனி குதறப்பட்டுக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, தடிமன் எண்டால் ரெண்டு பக்கத்தாலையும் எல்லோ ஓட வேணும்" என்றேன்.

அவர் எழும்பி உட்கார்ந்தார். கதிரைப் பார்த்தார், ஜிம்மியைப் பார்த்தார். "சங்கிலியை எடும். நான் கொண்டு போறன்" என்றார். என் கையைத் தட்டிவிட்டு ஓட்டோவரை அவரே நடந்தார்.

மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டு, நீண்ட இடுக்கியால் இடப்பக்க மூக்கிலிருந்து வாலோடு ஒரு நெல்லை எடுத்தார். "இன்னும் உள்ளை போயிருந்தால் கஷ்டம், ஐயா" என்றார். என் கணவர் அந்த நெல்லைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். "ஏலத்திலை எடுத்த சாமான் எல்லோ" என்று சொல்லிச் சிரித்தார். வருத்தம் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கதிர் இப்போது உயரத்தில் தொங்குகிறது. பிரியமானவர்களே, இது அற்பக் காரியம் என்று எதையும் ஆண்டவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கண்ணையும் திறந்து பாருங்கள்.

இதை எழுதும்போது படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. நடக்கப் போனவர்கள் வந்துவிட்டார்கள். ஆண்டவருக்குத் தோத்திரம். நான் தேத்தண்ணி வைக்கப் போகிறேன்.