சிங்கராசா அத்தான் போட்ட மூட்டைக்கார வேசம்

என் அக்கா எடித்தின் புருசன் சிங்கராசாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல் தோட்டவெளியில் யாரும் பேசி முடிப்பதில்லை. நான் இரண்டையும் சொல்லப்போகிறேன். எனக்கு அவர் அத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. ஒளித்து என்ன காணப்போகிறேன்?

தொழில் என்று பார்த்தால் அவர் மீன் ஏலம் கூறுகிறவர். கரைக்கு வரும் மீனைக் குவியலாகக் கொட்டி, அவர் விலை கூறத் தொடங்கினால் கோயில் மணிக்கு வேலை இல்லை. தொண்டை அப்படி. ஆனால் ஊருக்கு அவர் ஏலக்காரன் இல்லை, நடிகன். மாதா கோயில் பெருநாள் கலைநிகழ்ச்சியில் சிங்கராசாவின் பகிடி இல்லாவிட்டால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். ஓர் ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அவருக்குப் போதும். நடை, தோள் சாய்கிற விதம், மூக்கைச் சொறிகிற விதம் எல்லாம் அப்படியே வந்துவிடும். சுவாமியாரை ஆடினார், ஊர்ப் பொறுப்பான விதானையாரை ஆடினார். என் கலியாண வீட்டில் என் மாமியாரையே ஆடிக் காட்ட, அந்த மனுசி நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாய்க்கொழுப்புத்தான். ஆனால் சிரிப்பு வரும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் சந்தியில் அப்துல் றசாக் நானா கடை வைத்திருந்தார். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்கு இனிப்பு. அத்தானுக்கும் அவருக்கும் ஒரே வயது, நல்ல ஒட்டு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் முழுவதும் தீவை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் அறிவித்தபோது, நானா கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கரைக்குப் போனார். அத்தான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போனாராம். நானா ஒரு மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வள்ளம் ஏறும்வரை சனத்துக்குள் நின்று அழுதாராம். அக்கா சத்தியம் பண்ணிச் சொன்னாள். நான் அப்போது இந்தியாவில், மண்டபம் முகாமில் இருந்தேன். மூட்டையும் வள்ளமும் எங்களுக்குப் புதிதில்லை.

அழுத அந்த மனுசன்தான், நாலைந்து வருசம் கழித்துப் பெருநாள் மேடையில் றசாக் நானாவாக ஏறினார். தலையில் தொப்பி, இடுப்பில் சாறம், நெஞ்சோடு ஒரு துணி மூட்டை. கரையில் சோதனைக்கு நிற்கிறவன் ஒருத்தன் "மூட்டைக்குள்ள என்ன நானா?" என்று கேட்கிறான். இவர் மூட்டையை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்புகிறார். "ஒண்டுமில்லத் தம்பி, ஒண்டுமில்ல." அவன் அந்தப் பக்கம் வர, இவர் இந்தப் பக்கம் திரும்புகிறார். மூட்டைக்கு முத்தம் கொடுக்கிறார், தாலாட்டுகிறார். கடைசியில் இழுபறியில் மூட்டை அவிழ்ந்து கடைத் தராசு தொப்பென்று விழுகிறது. ஊரை விட்டுப் போகிற நேரத்திலும் தராசை விடாத வியாபாரி! அதுதான் பகிடி. சனம் உருண்டு உருண்டு சிரித்ததாம். சண்டைக் காலத்தில் சிரிக்க வேறு என்ன கிடந்தது என்பார் அத்தான். கலியாண வீடியோ எடுக்கிற ஒருவர் அதைக் கசெட்டில் பிடித்து வைத்திருந்தார்.

அந்தக் கசெட் அலுமாரிக்குள் கிடந்து மக்கிப் போயிருக்கலாம். போகவில்லையே! சண்டை முடிந்தது, நானா குடும்பம் திரும்பி வந்து டவுனில் குடியேறியது, எல்லாரும் மீன் மார்க்கட்டில் ஆளையாள் கண்டு சுகம் விசாரித்தார்கள். அத்தான் அவருக்கு எப்போதும் நல்ல மீனாக எடுத்து வைப்பார். பிறகு ஒருநாள் கனடாவில் இருக்கிற அத்தானின் மகன் றொட்னி, அப்பாவின் பெருமையை உலகம் பார்க்கட்டும் என்று அந்தக் காட்சியைப் பேஸ்புக்கில் போட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டான். லண்டனில் இருந்து சிரித்தார்கள், பாரிசில் இருந்து சிரித்தார்கள். வேறு ஆட்கள் காறித் துப்பினார்கள். இது அகதியைப் பழிக்கிற கூத்து என்று ஒரு கூட்டம், பழைய கலைஞனை இப்ப வந்து கூண்டில் ஏத்துவதோ என்று இன்னொரு கூட்டம். அத்தானுக்குப் போன் பார்க்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"அண்டைக்கு எல்லாரும் சிரிச்சதுதானே, றஞ்சி," என்றார். "நான் தனியவோ சிரிச்சனான்? பகிடிய பகிடியா எடுக்கத் தெரியாத சனம்."

நான் கீழே இழுத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நசீறாவின் பெயர் இருந்தது. றசாக் நானாவின் மகள், தையல் வேலை செய்கிறவள், எனக்கும் சட்டை தைத்துத் தந்திருக்கிறாள். ஒரு வரிதான் எழுதியிருந்தாள். நான் யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன்.

"வாப்பாட மூட்டைக்குள்ள இருந்தது என்ர தம்பி. காய்ச்சலில கரையிலயே மௌத்தாகிட்டான். மையத்தை வள்ளத்தில ஏத்த மாட்டாங்களோ எண்டு வாப்பா துணியில சுத்திக் கொண்டுபோனவர்."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா "ஐயோ மாதாவே, செத்த பிள்ளையோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. போனை அணைத்துவிட்டு என் வீட்டுக்குப் போனேன்.

றொட்னி அதை உடனே அழித்தான். அழித்து என்ன? அதற்குள் ஊருக்கு ஊர் பரவிவிட்டது, இன்றைக்கும் யாரோ ஒருத்தர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அத்தான் ஏலம் கூறுவதை விட்டார். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சுவாமியார் மன்னிப்புக் கொடுத்தாராம். கொடுத்துவிட்டு, அந்த மனுசனிடமும் போய்க் கேள் என்று சொன்னாராம்.

"போங்கோவன் அத்தான்," என்றேன். "நானும் வாறன்."

"எந்த முகத்தோட போறது? கதவைச் சாத்தினா?"

"சாத்தினா வெளியில நில்லுங்கோ!"

போகவில்லை. போக வேண்டும் என்பதற்காகவே சீவிக்கிறவர் போல இருந்தார், ஆனால் போகவில்லை. மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் கூசாத கால், டவுனுக்கு பஸ் ஏறக் கூசியது.

அந்த நேரத்தில்தான் றசாக் நானா ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்த வீடெல்லாம் ஏறி, ஏதாவது பிழை விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று கேட்பது அவர்களுடைய வழக்கம். சொந்தம், அயல், பழைய கடை வாடிக்கை, யாரையும் விடமாட்டார்கள். வாசலுக்கு வருகிறவரை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை. அவர் கேட்பார், இவர் பொறுத்தேன் என்பார், இவரும் திருப்பிக் கேட்பார், அவரும் பொறுத்தேன் என்பார். அதோடு கணக்குத் தீரும்.

இதைக் கேட்டதும் அத்தானுக்கு உயிர் வந்தது. "நானா இஞ்ச வருவார், றஞ்சி. வராமல் இரார். அவர் வாய் திறக்க முந்தி நான் காலில விழுந்திடுவன்," என்றார். சவரம் எடுத்தார். முற்றத்தைத் தானே கூட்டினார். அவர்கள் நம் வீட்டுக் கோப்பையில் குடிப்பார்களோ மாட்டார்களோ என்று புதுக் கோப்பை வாங்கி வைக்கச் சொல்லி அக்காவைப் போட்டு வாட்டினார்.

ஒரு பின்னேரம் நானா வந்தார், நசீறாவின் கையைப் பிடித்துக்கொண்டு. எங்கள் ஒழுங்கை முனையில் இருந்து ஒவ்வொரு வீடாக ஏறினார். என் வீட்டுக்கும் வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"பிள்ள றஞ்சிதா, கடை வச்சிருந்த காலத்தில உங்கட வீட்டு ஆக்களுக்கு நிறுவையில ஏதும் குறை விட்டிருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ," என்றார்.

"நானா, நீங்களோ குறை விட்டது!" என்றேன். "நாங்கள்தான் உங்களிட்டக் கேக்கோணும்."

"உங்களுக்கு எல்லாம் பொறுத்தாச்சு, மகள்," என்று எழும்பினார்.

அடுத்தது அத்தான் வீடு. அவர் வாசல் படலைக்கு வெளியிலேயே வந்து நின்றார், வெள்ளைச் சேட் போட்டு. நானா நடந்து வந்தார். அத்தான் கையைக் கூப்பினார். நானா உள்ளே திரும்பாமல் படலையைத் தாண்டிப் போனார்.

அடுத்த வீட்டு வாசலில் நானா செருப்பைக் கழற்றக் குனிந்தபோது அத்தான் பின்னால் ஓடினார். "நானா! என்ர வீட்டை விட்டிட்டீங்களே நானா!"

நானா நிமிர்ந்தார். கோபத்தைக் காணவில்லை. கோபம் இருந்திருந்தால் நல்லாயிருக்கும் என்று பிறகு நினைத்தேன்.

"மறந்து விடல்ல, சிங்கராசா," என்றார். "உங்கட வீட்டுக்கு வந்து நான் கேட்டா, நீங்களும் திருப்பிக் கேப்பீங்க. அப்ப நான் பொறுத்தன் எண்டு சொல்லோணும். எனக்குச் சொல்ல ஏலாது. பொய் சொல்லிப்போட்டு ஹஜ்ஜுக்குப் போக ஏலாது."

"எனக்குத் தெரியாது நானா. கர்த்தர் மேல ஆணை, பிள்ளையெண்டு தெரியாது."

"தெரியாதுதான். தெரிஞ்சா ஆடியிருக்க மாட்டீங்க. எனக்கு அது விளங்குது. விளங்கியும் ஏலாமக் கிடக்கு."

நசீறா "வாங்க வாப்பா" என்று கையை இழுத்தாள். அவர் அசையவில்லை. அத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பாத்தனான். நான் கை வச்சிருந்த மாதிரி, திரும்பின மாதிரி, அப்பிடியே செய்யிறீங்க. நான் அண்டைக்கு அவன்ட முகத்தைப் பாக்கல்ல, சிங்கராசா. பாத்தா அழுதிடுவன், ஆக்களுக்கு விளங்கிடும் எண்டு முன்னால பாத்துக்கொண்டே நடந்தனான். இறங்கினாப் பிறகு இருட்டு, இருட்டிலதான் அடக்கினது. எங்களிட்ட ஒரு போட்டோவும் இல்ல. உம்மாக்காறியும் மௌத்தாகிட்டா. இப்ப அவன்ட முகம் எனக்கு வருகுதில்ல. நீங்க அவ்வளவு வடிவாப் பாத்திருக்கிறீங்க. துணி எங்கயும் விலகினதோ? முகத்தைக் கண்டீங்களோ?"

அத்தான் பொய் சொல்லியிருக்கலாம். கண்டேன் நானா, நித்திரை கொள்கிற பிள்ளை மாதிரி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லேன் மனுசா, சொல்லேன் என்று என் நெஞ்சு கிடந்து அடித்தது. வாழ்நாள் முழுக்க வேசம் போட்ட அந்த ஆளுக்கு அந்த ஒரு நேரம் நடிக்க வரவில்லை.

"இல்ல நானா," என்றார். "நான் உங்களத்தான் பாத்தனான்."

நானா தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றி, அடுத்த வீட்டுக்குள் ஏறினார். உள்ளே அவர் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்பதும், அவர்கள் பொறுத்தோம் பொறுத்தோம் என்று சொல்வதும் ஒழுங்கைக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தான் வேலியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.