சேலை மறைப்புக்குள்ளிருந்து பேசிய ஸ்பானிஷ்

நனைந்த குடைகளின் வாசம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது...

இலங்கை மலைநாட்டில், பதுளையில் எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில், வகுப்புக்கு வெளியே சாய்த்து வைத்த ஏழு குடைகள். உள்ளே ஏழு பெண்கள் "ர்ர்ர்ர்" என்று நாக்கை உருட்டிக்கொண்டிருப்போம்.

ஸ்பானிஷ் பாடம். சிரிக்காதீர்கள். ஐம்பதுகளின் கடைசியில் பதுளையில் ஸ்பானிஷ் படித்தவள் நான்.

லத்தீன் சொல்லிக்கொடுத்த பாதிரியார் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பாடவேளைக்கு ஆள் இல்லை. ஸ்பெயினிலிருந்து வந்திருந்த சிஸ்டர் பிலார், தனக்குத் தெரிந்த பாஷையைச் சொல்லித் தருகிறேன் என்று கரும்பலகையில் எழுதும் சோக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் அவரிடம். வகுப்பிலிருந்த ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கிப் பிள்ளைகளுக்கு அந்த "ர்ர்" லேசில் வராது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்ன, முறுக்கு, கருப்பட்டி என்று சொல்லிப் பழகிய நாக்கு... கடகடவென்று வந்தது. சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் படித்தது "கியெரோ". எனக்கு வேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தண்ணீர் வேண்டும், எனக்கு ரொட்டி வேண்டும் என்று ஒரு மாதம் முழுக்க இதே பாட்டுத்தான். வீட்டில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் பழக்கம்.

வீடு என்றால் ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் ஒற்றை அறை, காம்பிரா. அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா துரை பங்களாவில் சமையல். துரைசானி சிபாரிசு செய்துதான் எனக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

பதின்மூன்று வயதில் பெரியவளானேன். காம்பிரா மூலையில் அம்மாவின் பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, உள்ளே உட்கார வைத்தார்கள். பதினாறாம் நாள் சடங்கு முடியும்வரை ஆண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாது. அப்பாகூடத்தான். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தின்று தின்று நாக்கு செத்துப்போனது.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மாவிடம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"வயசுக்கு வந்த புள்ளய பஸ்ஸுல அனுப்ப வேணாம். லயத்துல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. சடங்கு முடிஞ்சதும் பேர் பதிஞ்சிருவோம்."

பேர் பதிந்தால் அவ்வளவுதான். மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும், கூடை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். அம்மா "சரிங்க" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பதினாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெளியே நாய் குரைத்தது. "பள்ளிக்கூடத்து சிஸ்டரம்மா வந்துருக்காங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். இரண்டு வாரமாக என்னைக் காணோம் என்று சிஸ்டர் பிலார் பஸ் பிடித்து வந்திருந்தார்.

அப்பா பங்களா வழக்கப்படி, தோளில் துண்டைப் போட்டு, கோப்பைக்கு அடியில் சாசர் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். மறைப்பின் கிழிசல் வழியாகப் பார்த்தேன்; எங்கள் வீட்டில் சாசர் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும். பிறகு துரையின் குசினியில் சமைத்துப் பழகிய இங்கிலீஷில் சொன்னார்:

"கேர்ள் பிக் நவ், சிஸ்டர். ஸ்கூல் ஃபினிஷ்."

சிஸ்டருக்கும் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அப்பா பணிவாகத் தலையை ஆட்டிக்கொண்டே மறுபடியும் "ஃபினிஷ், சிஸ்டர்" என்றார்.

தமிழில் பேசினால் அப்பாவை எதிர்த்துப் பேசியதாகிவிடும். இங்கிலீஷும் அப்பாவுக்குப் புரியும். புரியாத பாஷை ஒன்றுதான் மிச்சம்.

மறைப்புக்குள்ளிருந்து கத்தினேன். "எர்மானா... கியெரோ எஸ்துதியார்."

சிஸ்டர், எனக்குப் படிக்க வேண்டும்.

இன்னொரு தடவை சொன்னேன்.

சிஸ்டர் அப்பாவிடம் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பிறகு அப்பாவின் குரல்தான் கேட்டது.

"ஓகே சிஸ்டர். சடங்கு ஓவர், கம்மிங் ஸ்கூல்."

அப்படித்தான் நான் படித்தேன். அறுபதுகளில் டீச்சரானேன். மொனராகலைப் பக்கம் முதல் வேலை. பஸ் ஏற்றிவிட அப்பா என் டிரங்குப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே வந்தார். நடந்துகொண்டே கேட்டார்.

"அன்னைக்கு மறப்புக்குள்ள இருந்து சிஸ்டருகிட்ட என்னம்மா சொன்ன?"

"படிக்கணும்னு சொன்னேம்ப்பா."

பெட்டியை அடுத்த தோளுக்கு மாற்றினார்.

"நீ என்ன சொன்னேன்னு எனக்குப் புரியல. ஒங் கொரலு நடுங்குனது புரிஞ்சிச்சு" என்றார். கொஞ்ச தூரம் போய், "அத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே தாயி. தமிழ்லயே சொல்லியிருக்கலாமே..." என்றார்.

அப்பா பொல்லாதவர் இல்லை. ஒரு அடி அடித்ததில்லை. ஆனாலும் அவரிடம் "எனக்கு வேணும்" என்று வீட்டில் யாருமே சொன்னதில்லை. அம்மாவும்தான். பஸ் வந்ததும் அப்பா பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கினார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது... அந்தக் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஸ்பானிஷ் இப்போது நாலைந்து சொல்தான் மிச்சம். பேசுவதற்கும் ஆள் இல்லை.

போன வாரம் என் பேத்தி, சாப்பாட்டு மேசையில் அவள் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "எனக்கு அக்கவுண்டிங் வேணாம்ப்பா. நான் மியூசிக்தான் படிக்கணும்." குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மகன் என்னைப் பார்த்தான். "அம்மா, நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க."

"அவதான் தமிழ்லயே சொல்றாளேடா, கேட்டுக்க" என்றேன்.