ரீபவில் சுவரைப் பார்த்துக் குடித்தவர்

போன சனிக்கிழமை பட்டப்பகலில் மூன்று குடிக்கடைகளுக்குப் போய் வந்தேன்.

சபையில் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்... எனக்காக ஜெபிக்கத் தொடங்க முதல் முழுதையும் வாசியுங்கள். மூன்றிலும் நான் குடித்தது ஒரேஞ் சோடா.

கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் பக்டரி போர்மன் எரிக். பின் சீற்றில் செல்வம். சாவகச்சேரி ஆள், புதிதாக வேலைக்கு வந்தவர். அவருடைய சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் எரிக். வேலை நிரந்தரமானால் செல்வம் ஒரு வீடு எடுக்கலாம். கொழும்பில் லொட்ஜ் அறையில் கிடக்கிற மனைவியையும் மகளையும் கூப்பிடலாம்.

எரிக் என்னை ஏன் கூப்பிட்டார்? சோடா குடிக்கிற ஆள் என்றபடியால்தான். திரும்பி வரும்போது கார் ஓட்ட ஒருவர் வேண்டும். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இந்தக் கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பி எவரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

எரிக் பிறந்த ஊர் ரீப. பழைய ஊர் – கல் பாவிய ஒடுங்கிய தெருக்கள், ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கிற வீடுகள், நடுவில் பெரிய தேவாலயம். புதிய ஆட்களைக் கூட்டிவந்து அங்கே இருக்கிற பழைய குறோக்களைக் காட்டுவது அவருடைய வழக்கம். குறோ என்றால் சாப்பாடு, பியர், படுக்கை எல்லாம் கிடைக்கிற அந்தக்காலத்துச் சத்திரம். தேவாலயத்துக்கு உள்ளே போகவில்லையா என்று கேட்டேன். "அது வெளியில் நின்றாலே தெரியுதே" என்றார்.

முதலாவது குறோவின் வாசல் சரியான பதிவு, ஆள் உயரம்கூட இல்லை. எரிக் குனிந்து போனார், நான் குனிந்து போனேன். செல்வம் நெற்றியில் வாங்கிக்கொண்டார். பக்டரியில் நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு திரிகிற மனிசன், குனிய வேண்டிய இடத்தில் நிமிர்ந்துவிட்டார்!

பியர் வந்தது. டேனிஷ்காரர் குடிக்கிற முறை உங்களுக்குத் தெரியுந்தானே? கிளாசைத் தூக்கி, எதிரில் இருக்கிறவரின் கண்ணைப் பார்த்து 'ஸ்கோல்' சொல்ல வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கண்ணைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கிளாசைக் கீழே வைக்கலாம்.

எரிக் தூக்கினார். செல்வமும் தூக்கினார். தூக்கியவர் கதிரையில் அரைவாசி திரும்பி, சுவரைப் பார்த்து, இடக்கையால் வாயை மறைத்து மடக்கென்று ஒரு வாய் விழுங்கினார். பிறகு கிளாசை மேசைக்குக் கீழே மறைத்து வைத்துக்கொண்டார்.

"செல்வம், ஆளின்ரை கண்ணைப் பாரும்" என்று மெல்லச் சொன்னேன்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்! அந்தாள் எனக்குப் பெரியவர். முகத்துக்கு நேரை இருந்து குடிச்சால் என்னை என்னெண்டு நினைப்பார்?"

என்னென்று நினைப்பார் என்பது இரண்டாவது குறோவில் தெரிந்தது. கறுத்தப் பாண், ஊறுகாய் மீன், இன்னொரு பியர். மறுபடியும் ஸ்கோல்... மறுபடியும் சுவர். செல்வம் கை கழுவ எழுந்து போனதும் எரிக் என் பக்கம் திரும்பினார்.

"அவன் எதை ஒளிக்கிறான்?"

"ஒன்றையும் ஒளிக்கவில்லையே..."

"வந்த நாள் முதல் நிலத்தைப் பார்க்கிறான். எது கேட்டாலும் நிலத்தைப் பார்த்து ஓம் என்கிறான். நல்ல வேலைக்காரன். ஆனால் மெஷினில் ஒரு பிழை விட்டால் வந்து சொல்லுவானா? ஒரு ஆளின் கண்ணைப் பார்க்காமல் அவனை எப்படி நம்புகிறது? திங்கட்கிழமை அவனுக்கு 'இல்லை' என்று சொல்லத்தான் யோசித்திருக்கிறேன்."

ஒரு மனிசன் மரியாதை காட்டியே வேலையை இழப்பானா? என்னுடைய டேனிஷ் பக்டரி வாசலோடு நின்றுவிடுகிற டேனிஷ். இருந்தாலும் சொன்னேன் – எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்தினால் மரியாதை, குடிக்கிறதை மறைத்தால் அதைவிட மரியாதை.

எரிக் செல்வம் போன பக்கம் பார்த்தார். "சரி. ஒரு தரம் பார்க்கட்டும். ஒரே ஒரு தரம்."

மூன்றாவது குறோவுக்கு நடந்து போகும்போது செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமைக் கதையையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. "கடவுளே..." என்றார். அந்த வாசலில் மட்டும் நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார்.

எரிக் கிளாசைத் தூக்கினார். "ஸ்கோல்."

செல்வமும் தூக்கினார். சுவர்ப்பக்கம் திரும்பப் போனவர், நின்றார். மெதுவாகத் தலையைத் தூக்கினார். பார்த்தார். கண் முழுக்கத் தண்ணீர். துடைக்கவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. அந்த லொட்ஜ் அறை முழுதும் அந்தக் கண்ணில் இருந்தது. எனக்கே பார்க்க ஏலாமல் இருந்தது.

எரிக்குக்கும் ஏலவில்லைப் போல. முதலில் பார்வையைத் தாழ்த்தியது அவர்தான். தன்னுடைய பியரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா. வந்து நிரந்தர வேலைக்குக் கையெழுத்து வை" என்றார் செல்வத்திடம். பிறகு மீன் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன். செல்வம் பின்னால் நித்திரை. பக்கத்தில் இருந்த எரிக் எதையோ பெரிதாக யோசித்துக்கொண்டு வந்தார்.

"கண்ணைத் தாழ்த்தினால்தான் உங்கள் ஊரில் மரியாதை. அப்படித்தானே?"

"ஓம்."

"நீ இங்கே வேலைக்கு வந்த நாள் முதல் என் கண்ணைப் பார்த்துத்தானே கதைக்கிறாய்?"

நான் றோட்டைப் பார்த்தேன்.