ஏழு ஆள், ஆறு முடிச்சு

எழுபதுகளின் தொடக்கத்தில், தருமபுரியில், எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் எங்கள் வைண்டிங் கடைக்கு வந்த கிணற்று மோட்டார்களை எல்லாம் சுற்றியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லக்கூடாது என்று பல வருஷம் என் வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பச்சைப் பூப்போட்ட ஒரு துணித் திரை. அப்போதுதான் கிராமம் கிராமமாகக் கரண்ட் வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தை மூலையில் சாய்த்துவிட்டு எல்லாரும் மோட்டார் மாட்டினார்கள். வோல்டேஜ் ஒழுங்காக வராது, மோட்டார் எரியும். எரிந்ததைச் சாக்கில் கட்டி, பஸ் மேலே போட்டு, பாலக்கோடு, இண்டூர், பொம்மிடிப் பக்கமெல்லாமிருந்து எங்கள் கடைக்கு வருவார்கள்.

அண்ணன் கோயமுத்தூரில் தொழில் கற்றவன். மோட்டாரைப் பிரிப்பான், பேரிங் மாற்றுவான், பூட்டி ஓட்டிக் காட்டுவான். ஆனால் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுருளாகச் சுற்ற அவனுக்குப் பொறுமை கிடையாது. நாற்பதாவது சுற்றில் யாராவது சலாம் சொன்னால் போதும், கணக்கை விட்டுவிடுவான். வேலை மலைபோலக் குவிந்த ஒரு நோன்பு மாசத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். அடுத்த நோன்பு வருவதற்குள் அவன் சுற்றுவதையே நிறுத்திவிட்டான். என் கை அவன் கையைவிட நல்ல கை. இது பெருமைக்குச் சொல்வதில்லை, மோட்டார் ஓடியதே சாட்சி.

வருகிறவர்கள், "பாய், மெக்கானிக் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள்.

"நாந்தாங்க" என்பான் அண்ணன்.

திரைக்கு இந்தப் பக்கம் என் கை பாதிச் சுற்றில் நிற்கும். பிறகு சுற்றும். வேறு என்ன செய்ய?

என் பேரைச் சொன்னால் என்ன என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "பொம்பள சுத்துனதுன்னு தெரிஞ்சா எவன் நம்மகிட்ட மோட்டார் குடுப்பான்? அவனவனுக்குக் கெணறுதான் உசுரு. பரீட்சை பண்ணிப் பாப்பானா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுருளுக்கு வார்னிஷ் ஊற்றினால் அது காயும்வரை எனக்கு வேலை இருக்காது. ஆனால் கை சும்மா இருக்கப் பழகவில்லை. மீந்த கம்பித் துண்டை வளைப்பேன். முதலில் வந்தது குனிந்து தண்ணீர் மொள்ளும் ஒரு பெண். அப்புறம் தோளில் பிள்ளையைச் சுமக்கும் ஒருவர். அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். எங்கள் வீட்டில் உருவம் செய்வது கூடாது.

"கண்ணு மூக்கு வைக்கலியே?" என்றாள்.

"இல்லம்மா."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொம்மையின் வயிற்றுக்குள் விரலை விட்டு ஆட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, காற்றுதான். "கண்ணு மூக்கு வைக்காத வரைக்கும் இது கம்பி. வெச்சே, அடுப்புல போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனாள். எனக்கு அதைவிட நல்ல அனுமதி வேண்டியதில்லை. முகம் இல்லையென்றால் அந்த ஆள் யார் என்பதை முதுகுதான் சொல்லவேண்டும், முழங்கைதான் சொல்லவேண்டும். நான் அப்படிச் செய்யக் கற்றுக்கொண்டது அம்மாவின் அடுப்புக்குப் பயந்துதான்.

அந்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயப் பொருட்காட்சி போட்டார்கள். ஒரு பக்கம் கைவேலைக்கும் இடம், பரிசும் உண்டு. அண்ணனே விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்தான். என் பொம்மைகள் அவனுக்கும் பிடிக்கும், வெளியே சொல்லமாட்டான், அவ்வளவுதான். தாளில் கடைப் பெயரை எழுதப் போனான்.

"என் பேர எழுது" என்றேன். "கீழ, மோட்டார் சுத்துறவள்னும் எழுது."

"ஆரம்பிச்சுட்டியா?"

"மோட்டாரத்தான் உம்பேர்ல விட்டேன். இதையும் விடமாட்டேன்."

அண்ணன் தாளை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனான். நானே எழுதினேன், இரண்டையும் எழுதினேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவன் என்னிடம் பேசவில்லை. எரிந்த மோட்டார் திரைக்கு அடியில் உள்ளே வரும், சுற்றிய மோட்டார் திரைக்கு அடியில் வெளியே போகும். சாப்பாட்டுத் தட்டுகூட அம்மா வழியாகத்தான் நகர்ந்தது. என் பெயர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, வெளியே எல்லார் காதிலும் விழவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. அது விழாமல் போனால் ஆயுசுக்கும் திரைக்குப் பின்னால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பேச்சில்லாத அந்த நாட்களில் செய்ததுதான் ஏழு ஆட்கள். எங்கள் பக்கம் கிணறு வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்து மேல்வரை படிக்குப் படி ஆள் நின்று மண் கூடையைக் கை மாற்றுவார்கள். நான் கூடையை விட்டுவிட்டேன், மண்ணை விட்டுவிட்டேன், கிணற்றையும் விட்டுவிட்டேன். ஒரு சாய்ந்த பலகையில் கீழிருந்து மேலாக ஏழு பேர், ஒருவர் கை அடுத்தவர் கையில். ஓர் ஆளுக்கு ஒரே கம்பி. ஒரு கையில் தொடங்கி, உடம்பெல்லாம் சுற்றி, மறு கையில் முடியும். கைகள் சேரும் ஆறு இடத்திலும் கம்பியோடு கம்பியை முறுக்கினேன். புதுக் கம்பி, எனாமல் பூச்சு கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

பொருட்காட்சியில் என் ஏழு பேருக்குக் கிடைத்த இடம், கிளி போட்ட தலையணை உறைக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரண்டிக்கும் நடுவில். மூன்றாம் நாள் காலை ஓர் அதிகாரியும் ஒரு பள்ளிக்கூட டீச்சரும் பார்வையிட வந்தார்கள். பின்னால் கூட்டம், பாதிப்பேர் எங்கள் கடைக்கு வருகிற விவசாயிகள். அண்ணன் கூட்டத்தின் கடைசியில், சம்பந்தமில்லாதவன் மாதிரி நின்றான்.

"இது என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஆளுங்க, சார்."

"ஆளா? எனக்கு வேலி சரிஞ்ச மாதிரி தெரியுது." கூட்டம் சிரித்தது. அவர் பலகையடியில் இருந்த பெயர் அட்டையைப் படித்தார். "மோட்டார் சுத்துறவங்களா நீங்க? அப்போ இதுல கரண்ட் ஓடுமா?" மறுபடியும் சிரிப்பு.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். "ஓடும்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர். கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கூட்டத்தைத் தாண்டி அவனைப் பார்த்துக் கை நீட்டினேன். முறைத்தான். ஆனால் டெஸ்டர் கை மாறி மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு ஒயரை முதல் ஆளின் வெறுங்கை நுனியில் வைத்தேன், இன்னொன்றை ஏழாவது ஆளின் உயர்ந்த கை நுனியில் வைத்தேன்.

பல்பு எரியவில்லை.

அழுத்தி வைத்தேன், அப்போதும் எரியவில்லை. "சரி சரி, விடும்மா" என்றார் அதிகாரி. அவர் அன்பாகச் சொன்னதுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "பொம்பள சுத்துனா இப்பிடித்தான்" என்றார்.

அதற்குள் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். முடிச்சைக் குனிந்து பார்த்தான்.

"சொரண்டலியா?" என்றான். ஒன்பது நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. எனாமல் கம்பி ஆயிரம் சுற்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் போகாது. பூச்சைச் சுரண்டி, தாமிரம் தெரிந்த பிறகு முறுக்கினால்தான் போகும். எத்தனையோ மோட்டார் சுற்றியவள், பளபளப்பு கெடக்கூடாது என்று ஏழு பேரையும் கை கோர்க்கவைத்தும் தனித்தனியாகவே நிறுத்திவைத்திருக்கிறேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து இரண்டாக ஒடித்தான். ஒன்றை என்னிடம் கொடுத்தான். கீழே இருந்து அவன், மேலே இருந்து நான். முறுக்கைப் பிரித்து, சுரண்டி, மறுபடி முறுக்கினோம். யாரும் நகரவில்லை. நடுவில் அண்ணன் மூன்றாவது ஆளின் முழங்கையைத் தொட்டு, "இது நம்ம அத்தா நிக்கற மாதிரி இருக்குது" என்றான் மெதுவாக. அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் அவரை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அவன் சொன்னபிறகு அது அவர்தான்.

நான்காவது முடிச்சு முடிந்தபோது எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன. ஆறும் முடிந்தது, இரண்டு கோடியிலும் இருந்த கை நுனிகளையும் சுரண்டினோம். இப்போது டெஸ்டரை அண்ணன் வைக்கவில்லை, என்னிடம் கொடுத்தான்.

வைத்தேன். பல்பு எரிந்தது. அந்த வெயிலில் மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம். ஏழு பேரின் உடம்புக்குள்ளும் போய் வந்த வெளிச்சம். எனக்குக் கால் தரையில் இல்லை. டீச்சர் கை தட்டினார், பின்னாலேயே கூட்டமும் தட்டியது.

அதிகாரி அண்ணனின் தோளைத் தட்டி, "பிரமாதம் தம்பி, நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.

அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் பண்ணலீங்க சார், என் தங்கச்சி பண்ணுனது" என்றான். "எங்க கடையில மோட்டார் சுத்துறதும் அவதாங்க. எல்லா மோட்டாரும்."

சற்றுமுன் "பொம்பள சுத்துனா" என்று சொன்ன இண்டூர்க்காரர் முன்னால் வந்தார். "பாய், எங்கூட்டு மோட்டாரு?"

"அதுவுந்தாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு வருசமா எரியலியே அது" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்ல கைம்மா" என்றார்.

முதல் பரிசு கிளித் தலையணை உறைக்குப் போனது. எனக்கு இரண்டாவது, ஓர் எவர்சில்வர் தூக்கு. அந்தக் கிளிக்குக் கண்ணும் மூக்கும் இருந்தது அல்லவா என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் ஏழு பேரையும் அலமாரி மேல் வைத்தாள். விசேஷத்துக்கு வருகிறவர்களிடம், அது வெறும் கம்பிதான் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு டெஸ்டரைக் கொண்டுவந்து எரியவிட்டும் காட்டுவாள்.

மோட்டார் வருவது நின்றுவிடும் என்று அண்ணன் பயந்தான். ஒரு வாரம் நானும் பயந்தேன். எட்டாம் நாள் பொம்மிடிப் பக்கத்துக்காரர் ஒருவர் சாக்கு மூட்டையோடு படியேறினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பாய், மெக்கானிக் இருக்காருங்களா?"

என் கை வழக்கம்போலப் பாதிச் சுற்றில் நின்றது. அண்ணன் எழுந்து வந்து திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினான்.

"இருக்காங்க. இதோ, இவங்கதான்."